மஞ்சள் பொட்டு வைத்த எஞ்சின்

என் மனைவியின் அண்ணன் கிள்ளானில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறான். அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை வேண்டுமென்றால் வேறு யாரையாவது போய்க் கேளுங்கள். என்னிடம் இல்லை. அவன் என் மேல் ஒரு பழியைப் போட்டான். நாலு மாதம் அந்தப் பழியோடு சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், கல்யாண வீடுகளில் நின்றேன். பிறகு அதை அவன் வாயாலேயே திரும்ப எடுக்க வைத்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

விபத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் மேருவில் ஒரு தொழிற்சாலையில் கன்வேயர் பழுது பார்க்கிறவன். என் மனைவி பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையில் ரவிக்கை தைக்கிறாள். தினமும் காலையில் அவளைக் கிள்ளான் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன். என்னிடம் இருப்பது பழைய டூ-ஸ்ட்ரோக் கப்சாய், சின்ன மோட்டார் சைக்கிள். கை கிளட்ச் வைத்தது. ஆறு வருடமாக ஓட்டுகிறேன்.

அன்றைக்குக் காலை ஏழு மணி இருக்கும். சிவப்பு விளக்கில் நின்றோம். பச்சை விழுந்தது. முதல் கியர், இரண்டாவது கியர், ஆக்சிலேட்டரை முறுக்கினேன். காலுக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் கத்துகிறது, வண்டி போகவில்லை. பின்னால் வந்த கார்க்காரன் நாங்கள் கிளம்பிவிட்டோம் என்று நினைத்து வந்துவிட்டான். பின் சக்கரத்தில் இடித்தான். எனக்கு முட்டியில் சிராய்ப்பு. அவள் வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

ஊசி பிடிக்கிற கை அது.

ஆஸ்பத்திரிக்கு மச்சான் வந்தான். என் மாமியாரும் வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்து அத்தை அழுதார். மச்சான் என் பக்கம் திரும்பி, அவசரமே இல்லாமல் சொன்னான்.

"மாப்ள, ரெண்டாவது கியர முழுசா போடாம பாதியில கால எடுத்தா கியர் கழண்டு குதிக்கத்தான் செய்யும். மோட்டார் என்ன பண்ணும் சொல்லுங்க. உங்க கால் அப்படி."

"கால் சரியாத்தான் போட்டேன்."

"போட்டிருந்தா நிக்கும்லா."

அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடப் பேச்சு குடும்பம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அத்தை அவருடைய தங்கைக்குச் சொன்னார், தங்கை மற்றவர்களுக்குச் சொன்னார். ஒரு கல்யாணத்தில், சாப்பாட்டுப் பந்தியில், என் மனைவியின் சித்தப்பா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்: "என்ன மாப்ள, ரெண்டாவது கியர் இல்லாமலே வந்து சேந்துட்டீங்களா?" பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை என் மேலேயே எனக்குக் கோபம்.

என் மனைவி சிரிக்கவில்லை. ஆனால் அவளும் நம்பினாள். கட்டுப் பிரித்தபிறகு வேலைக்குப் போகும் முதல் நாள், நான் ஹெல்மெட்டை நீட்டினேன். "வேணாங்க. நான் பஸ்ல போயிக்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பயந்து சொன்னாள். என் காலைப் பார்த்துச் சொன்னாள்.

உண்மையில் நடந்ததை இப்போது சொல்கிறேன்.

விபத்துக்கு முன்னால் எஞ்சினில் ஊளைச் சத்தம் வந்தது. கிராங்க் பேரிங் போய்விட்டது. அதை மாற்ற எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டும். கியர் பெட்டியும் அதற்குள்தான். மச்சானிடம் கொடுத்தேன். கொடுக்காமல் முடியாது. எங்கள் பக்கம் மனைவியின் அண்ணன் பட்டறை வைத்திருந்தால், வண்டியை வேறு ஒருவனிடம் கொண்டுபோவது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். அத்தை கேட்பார். மனைவி பதில் சொல்ல வேண்டி வரும். அதனால் கிள்ளானில் நல்ல பட்டறைகள் பத்து இருந்தும் எனக்கு ஒரே ஒரு பட்டறைதான்.

எஞ்சினைப் பிரித்த அன்று நான் வேலையில் இருந்தேன். சாயங்காலம் போனபோது மேசை மேல் பிளந்து கிடந்தது. மச்சான் பெருமையாகச் சொன்னான்: "கம்பெனி சீல் மாப்ள. இதுவரைக்கும் எவனும் கை வச்சதில்ல. நான்தான் முதல்ல திறக்கறேன். வந்தவன் போனவனுக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்."

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் அதன் தலைக்கும் எஞ்சின் உடம்புக்கும் சேர்த்து ஒரு பொட்டு வைப்பான். யாராவது அந்த போல்ட்டைத் திருப்பினால் பொட்டு இரண்டாக உடைந்துவிடும். "பொட்டு உடைஞ்சா வேற கை பட்டுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் எங்கிட்ட வராதீங்க" என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறான்.

பேரிங் மாற்றி வந்த மூன்றாவது வாரம் இரண்டாவது கியர் குதித்தது. அவனிடம் கொண்டுபோனேன். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒரு சுற்று ஓட்டினான். "ஒண்ணும் இல்ல மாப்ள." மறுபடி குதித்தது. மறுபடி போனேன். "கிளட்ச் முழுசா புடிங்க." மூன்றாவது முறை போனபோது வண்டியில் ஏறக்கூட இல்லை. பொட்டுகளைக் காட்டினான். "நான் பேரிங் மட்டும்தான் மாத்தினேன். கியர் பாக்ஸ தொடவே இல்ல. தொடாத சாமான் எப்படிக் கெடும்?" அதற்கு அடுத்த வாரம்தான் விபத்து.

கட்டுப் பிரிந்த பிறகு, அவள் பஸ்ஸில் போன அன்று, முடிவு செய்தேன். இது என் காலா, அவன் கையா, ஒன்று தெரிய வேண்டும்.

கன்வேயரிலும் கியர் பெட்டிதான். பெரியது, அவ்வளவே. பழுதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, எது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருவது. ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி ஆரம்பித்தேன். ஒரு பொட்டைக்கூட உடைக்கக் கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட சட்டம். உடைத்தால் அவன் தப்பித்துவிடுவான்.

முதலில் கியர் மிதி. கார் இடித்ததில் வளைந்து, எஞ்சின் மூடியில் முட்டிக்கொண்டு முழு தூரம் போகாமல் இருக்கலாம். முழு தூரமும் போனது. மிதியைத் தண்டில் பிடிக்கும் பல்வரிசை தேய்ந்து ஆடலாம். ஆடவில்லை. கிளட்ச் கேபிள் சரி. கிளட்ச்சைப் பிடித்தால் வண்டி முழுசாக விடுபட்டது.

அடுத்து ஓட்டிப் பார்த்தேன். தொழிற்பேட்டையில் ஞாயிறன்று ஆள் இருக்காது. தனியாகப் போனேன். முறுக்கும்போது மட்டும் குதித்தது, முறுக்கை விடும்போது குதிக்கவில்லை. இரண்டாவதில் மட்டும் குதித்தது. மற்ற எதிலும் இல்லை. இரண்டாவதில் போட்டு, மிதியைக் காலால் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு முறுக்கினேன். அப்போதும் குதித்தது, என் காலை உதைத்துக்கொண்டு. இது முக்கியம். பாதியில் கால் எடுத்தால் குதிக்கும் என்று அவன் சொன்னான். நான் காலை எடுக்கவே இல்லை. உள்ளேயிருந்து ஏதோ என் காலைத் தள்ளியது.

கியரைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் என்று ஒரு சந்தேகம். ஆனால் அந்த ஸ்பிரிங் எல்லாக் கியருக்கும் பொது. அது தளர்ந்தால் ஒன்று மட்டும் குதிக்காது. அந்தச் சந்தேகத்தையும் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்து கியர் எண்ணெயை ஒரு பால் டின்னில் வடித்தேன். எண்ணெய் வடிக்கிற போல்ட்டில் அவன் பொட்டு வைப்பதில்லை. வெயிலில் வைத்து, காந்தத்தை உள்ளே விட்டுக் கிளறினேன். சாம்பல் நிறத்தில் மாவு ஒட்டிக்கொண்டு வந்தால் பரவாயில்லை, எல்லா கியர் பெட்டியும் தேயத்தான் செய்யும். மாவோடு ஊசி முனை மாதிரி மினுக்குகிற சீவல்கள் வந்தன. மெல்லிய சீவல். பல் உடைந்தால் துண்டு வரும். இது எதுவோ ஒரு பக்கமாக உரசிச் சீவப்பட்டு வந்தது.

கடைசியாக, எஞ்சின் ஓடாமல் இருக்கும்போதே, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினேன். இன்னொரு கையின் விரலைக் கியர் மிதி மேல் லேசாக வைத்திருந்தேன். ஒன்றாவது கியரில் மிதி அசையவில்லை. மூன்றாவதில் அசையவில்லை. இரண்டாவதில் சக்கரத்தை ஆட்டும் ஒவ்வொரு முறையும் மிதி நடுங்கியது.

அந்த நடுக்கத்தில் எனக்கு எல்லாம் புரிந்தது. கியர் பெட்டிக்குள் ஒரு சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த சக்கரத்தோடு மாட்டும். அதை நகர்த்துவது ஒரு சின்ன எஃகுக் கவை. ஃபோர்க் என்பார்கள். உண்டிவில் கவை மாதிரி, உள்ளங்கையில் அடங்கும். அது நேராக இருந்தால் சக்கரம் முழுசாகப் போய் மாட்டும். கொஞ்சம் வளைந்தாலும் சக்கரம் நுனியில்தான் மாட்டும், முறுக்கினால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும், வரும்போது ஃபோர்க்கைத் தள்ளும், ஃபோர்க் மிதியைத் தள்ளும். ஆறு வருடம் குதிக்காத கியர், அவன் பிரித்து மூடிய மூன்றாவது வாரம் குதித்தது. மூடும்போது உள்ளே கியர் செட் சரியாக உட்காராமல், சுத்தியலால் தட்டி மூடினால், ஃபோர்க்தான் முதலில் வளையும்.

தொடவே இல்லை என்றான். தொட்டிருக்கிறான்.

ஆனால் இதெல்லாம் வெளியிலிருந்து போட்ட கணக்கு. உள்ளே நான் இன்னும் பார்க்கவில்லை. வீட்டில் திறந்து பார்த்து, "இதோ வளைஞ்சிருக்கு" என்று கொண்டுபோனால், "பொட்ட உடைச்சீங்க, நீங்களே வளைச்சீங்க" என்பான். அவன் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். அவன் மெக்கானிக், நான் கால் சரியில்லாதவன்.

அதனால் நாள் பார்த்தேன். ஆயுத பூசை.

அன்றைக்கு அவன் பட்டறையில் கூட்டம் இருக்கும். வாடிக்கைக்காரர்கள் மோட்டாரைக் கழுவிக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துவார்கள். முன் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். அத்தை சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் செய்வார். சித்தப்பா வருவார். என் மனைவியும் வருவாள். ஆஸ்பத்திரியில் அவன் சொன்னதைக் கேட்ட எல்லாரும், அதைக் கேட்டவர்களிடம் கேட்ட எல்லாரும், ஒரே இடத்தில்.

இரண்டு நாள் முன்பே எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கினேன். எஞ்சினைச் சட்டத்தில் பிடிக்கும் போல்ட்டுகளில் பொட்டு கிடையாது. எஞ்சினில் இருந்த பொட்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு நீல பிளாஸ்டிக் கூடையில் வைத்து, பக்கத்து வீட்டுக்காரர் வேனை வாங்கி, என் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். தொழிற்சாலையிலும் அன்று கருவிகளைப் பூசையில் வைக்கிற வழக்கம் உண்டு. என்னுடையதை நான் வைக்கவில்லை.

கற்பூரம் அணையும்வரை வெளியே நின்றேன். சாமியிடம் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அப்புறம் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மச்சான் வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு நின்றான். கூடையைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்ன மாப்ள, எஞ்சின மட்டும் தூக்கிட்டு வந்திருக்கீங்க? வண்டி வெக்கப்பட்டு வீட்டுலயே இருந்துருச்சா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சித்தப்பா சத்தமாகச் சிரித்தார்.

"பூசைக்கு இல்ல மச்சான். திறந்து பாக்க."

"இன்னைக்கா? இன்னைக்கு ஸ்பேனர் தொடக்கூடாதுலா. எல்லாம் சாமிகிட்ட இருக்கு பாருங்க. ரெண்டு நாள் கழிச்சு வாங்க, பொறுமையா பாப்போம்."

"உங்க ஸ்பேனர் சாமிகிட்டயே இருக்கட்டும். என்னோடது வேன்ல இருக்கு."

அத்தை கையில் கரண்டியோடு வந்தார். "மாப்ள, ஆயுத பூசை அன்னைக்கு யாராச்சும் ஆயுதம் தொடுவாங்களா? சாமி குத்தம் ஆயிரும்."

"ஆகட்டும் அத்தை. ஏற்கனவே ஒரு குத்தம் என் தலையில இருக்கு. அதோட இதுவும் இருக்கட்டும்."

என் மனைவி ஷட்டர் பக்கத்தில் நின்றாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வாசலில் ஒரு அட்டையை விரித்து எஞ்சினை வைத்தேன். வரிசையில் கடைசி மோட்டார் ஒரு லோரி ஓட்டுநருடையது. வயதானவர், எல்லாரும் அங்கிள் என்பார்கள். மச்சானின் பழைய வாடிக்கைக்காரர். அவரைக் கூப்பிட்டேன்.

"அங்கிள், இதுல ஏதாச்சும் பொட்டு உடைஞ்சிருக்கா, பாத்துச் சொல்லுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எஞ்சினைச் சுற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாம் முழுசா இருக்கு. நம்ம தம்பி பொட்டுதான்."

"மச்சான், நீங்களும் பாருங்க."

"பாத்துட்டேன். என் பொட்டுதான். அதுக்கு என்ன இப்ப?"

"பேரிங் மாத்தினப்ப கியர் பாக்ஸ தொட்டீங்களா?"

"எத்தன தடவ சொல்றது? தொடல. கியர் செட்ட அப்படியே எடுத்து அப்படியே வச்சேன்."

"சரி. எல்லாரும் கேட்டாச்சு."

முதல் போல்ட்டைத் திருப்பினேன். பொட்டு இரண்டாகப் பிளந்தது. அங்கிள் அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எஞ்சின் தலை, சிலிண்டர், ஒரு பக்கம் கிளட்ச், மறுபக்கம் மேக்னெட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். யாரும் போகவில்லை. காகிதத் தட்டில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே சுற்றி நின்று பார்த்தார்கள். "இந்தப் பக்கம் முதல்ல கழட்டணும்" என்று ஒருவர் சொல்ல, "அவருக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்று இன்னொருவர் அடக்கினார். மச்சான் இரண்டு முறை உள்ளே போய்வந்தான். ஒரு முறை என் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "மாப்ள, இதோட விடுங்க. நான் உங்களுக்கு நல்லா செஞ்சு தர்றேன்." அப்போதுதான் என் பயம் பாதி போனது. அதுவரை பயந்துதான் வேலை செய்தேன். ஃபோர்க் நேராக இருந்திருந்தால் அன்றோடு நான் முடிந்தேன். என் பெண்டாட்டி முகத்தைப் பார்த்து இந்த விஷயத்தில் இன்னொரு வார்த்தை பேச எனக்கு யோக்கியதை இருந்திருக்காது.

எஞ்சின் கேஸ் இரண்டாகப் பிளந்தது. கியர் செட்டை மேலே தூக்கி, ஃபோர்க்கை உருவினேன். பெட்ரோலில் கழுவி, துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தேன்.

ஃபோர்க்கின் ஒரு கிளை நீலம் பூத்திருந்தது. எஃகை நெருப்பில் காட்டினால் வருகிற நீலம், ஓரத்தில் ஊதா, அதற்கப்புறம் மஞ்சள். நீலத்துக்கு நடுவில் ஒரு தட்டையான வடு. சுத்தியல் விழுந்த இடம். நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்து கத்தி மாதிரி மெலிந்திருந்தது. வளைந்ததை நெருப்பில் சுட்டு, தட்டி நிமிர்த்தி, திரும்ப உள்ளே வைத்திருக்கிறான். சுட்ட எஃகு இளகிப் போகும். இளகியது தேயும். தேய்ந்ததுதான் பால் டின்னில் சீவலாக வந்தது.

அதை அங்கிள் கையில் கொடுத்தேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுட்டிருக்கு" என்றார். "நல்லா சுட்டு அடிச்சிருக்கு."

"பழைய ஓனர் சுட்டிருப்பான்" என்றான் மச்சான். "செகண்ட் ஹேண்ட் வண்டிதானே."

அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, நீங்க இந்த எஞ்சின பிரிச்ச அன்னைக்கு நான் இங்கதான் உக்காந்திருந்தேன். கம்பெனி சீலு, எவனும் திறந்ததில்லன்னு என்னைக் கூப்பிட்டுக் காட்டினீங்க. நான் குடிச்ச தேத்தண்ணிய வச்சிட்டு எந்திரிச்சு வந்து பாத்தேன்."

அந்த ஃபோர்க் கை மாறிக் கை மாறிப் போனது. சித்தப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, சூடாக இருக்கிறது போல அடுத்தவரிடம் சட்டென்று கொடுத்தார்.

"மூடும்போது வளைஞ்சிருச்சு" என்றான் மச்சான். குரல் இறங்கிவிட்டது. "பழைய மாடலு, அந்த ஃபோர்க் எங்கயும் கிடைக்கல. நிமித்திப் போட்டேன். தாங்கும்னு நெனச்சேன்."

"ஆஸ்பத்திரியில நின்னப்பவும் தாங்கும்னுதான் நெனச்சியா?" அதுவரை வாங்க போங்க என்றுதான் பேசியிருந்தேன். "உன் தங்கச்சி கையில மாவுக்கட்டு போட்டப்ப உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என் காலச் சொன்ன. இப்ப சொல்லு. யார் கால்?"

"உங்க கால் இல்ல மாப்ள."

"அத்தைக்குக் கேக்கல. சத்தமா சொல்லு."

"மாப்ள கால்ல தப்பில்ல."

"சித்தப்பா அங்க நிக்கிறாரு. அவருக்கும்."

"மாப்ள மேல தப்பில்ல. நான் சுட்டுப் போட்டதுதான். போதுமா?"

போதவில்லை. பத்து முறை சொல்ல வைத்திருப்பேன். அவன் நெற்றி வியர்த்து விபூதி கரைந்து மூக்கு வரை வழிந்ததை நான் நின்று பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது. அதற்காக யாரும் என்னைத் திட்டினால் திட்டிக்கொள்ளுங்கள். நாலு மாதம் அவன் பொய்யைச் சுமந்தவன் நான்.

ஆனால் அவனும் சும்மா போகவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஒண்ணு கேக்கறேன் மாப்ள. குதிக்குது குதிக்குதுன்னு எங்கிட்ட மூணு தடவ வந்தீங்க. குதிக்குதுன்னு தெரிஞ்ச வண்டில என் தங்கச்சிய ஏன் ஏத்துனீங்க?"

"நீ ஒண்ணும் இல்லன்னு சொன்ன."

"நான் சொன்னேன். உங்க கால் என்ன சொல்லுச்சு? நீங்களும் மிஷின்காரர்தானே."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை, கெட்ட வார்த்தையும் இருந்தது, அத்தை காதைப் பொத்திக்கொண்டார். கத்தி முடித்துத் திரும்பினால் என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை. மூன்று முறை குதித்ததும், மூன்று முறை நான் பட்டறைக்குப் போனதும் அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. வலது கையை இடது கையால் பிடித்தபடி போய் அத்தையின் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

சாமான்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்தேன். ஃபோர்க்கை மட்டும் விட்டுவிட்டு வந்தேன். வாழையிலையில், அவன் ஸ்பேனர்களுக்கு நடுவில் வைத்தேன்.

அதற்குப் பிறகு அவன் வாடிக்கை குறைந்ததாகக் கேள்வி. அங்கிள் பட்டறையை மாற்றிவிட்டார். இன்னும் சிலரும். அவனைச் 'சுட்ட ஃபோர்க்' என்று யாரோ கூப்பிடுகிறார்களாம். கேட்ட அன்று கூடுதலாக ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அவன் வீட்டு வாசலை நான் மிதிப்பதில்லை. அத்தை இரண்டு முறை ஆள் விட்டுக் கூப்பிட்டார். மிதிக்கப் போவதும் இல்லை.

கிடைக்கவில்லை என்று அவன் சொன்ன ஃபோர்க் காஜாங்கில் பழைய எஞ்சின்கள் விற்கிற ஒரு கடையில் எனக்கு ஒரே மத்தியானத்தில் கிடைத்தது. நேரானது, சுடாதது. நானே மாட்டி, நானே மூடினேன். ஒரு வாரம் தனியாக ஓட்டினேன். இரண்டாவது கியரில் போட்டு, எவ்வளவு முறுக்க முடியுமோ அவ்வளவு முறுக்கினேன். நின்றது.

ஒரு திங்கட்கிழமை காலை, அவள் தேத்தண்ணி கலக்கும்போது ஹெல்மெட்டை மேசை மேல் வைத்தேன்.

"உங்கண்ணன் ஒத்துக்கிட்டான்ல."

"கேட்டேன்."

"வண்டி சரியாயிருச்சு. இனி குதிக்காது."

அவள் கலக்குவதை நிறுத்தினாள். "அந்த மூணு தடவ குதிச்சப்ப, நான் பின்னாடி இருந்தேனா?"

பொய் சொல்லியிருக்கலாம். கண்டுபிடிக்க அவளுக்கு வழி கிடையாது.

"ரெண்டாவது தடவ இருந்த."

அவள் யோசித்தாள். மேம்பாலத்துக்குக் கீழே வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியதும், அவள் என் இடுப்பைப் பிடித்ததும் அவளுக்கு ஞாபகம் வந்ததை முகத்திலேயே பார்த்தேன்.

"பள்ளம்னு சொன்னீங்க."

"ஆமா."

"பள்ளம், ஒண்ணுமில்ல, கெட்டியா புடிச்சுக்கோன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஏன்?"

உன் அண்ணன் ஒன்றுமில்லை என்றான் என்று சொல்ல வாய் வரை வந்தது. வேறு பட்டறைக்குப் போனால் உன் அம்மா கேட்பார் என்பதும் வந்தது. இரண்டும் உண்மைதான். அவள் மணிக்கட்டு தம்ளரைத் தூக்கும்போது முழுசாக மடங்கவில்லை, முழங்கையையும் சேர்த்துத் தூக்கினாள்.

"தெரிஞ்சேதான் ஏத்துனேன்" என்றேன். "தப்பு என்மேலயும்தான்."

அவள் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"பஸ் வந்துரும்" என்று சொல்லிவிட்டு, பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.